மாமனார் முகர்ந்து பார்க்காத மோர்

என் மாமனார் ஒரு டம்ளரை முகர்ந்து பார்க்காமல் வாய்க்குக் கொண்டுபோனதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அந்த டம்ளர் இன்னும் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. கனமான எவர்சில்வர். விளிம்பில் ஓரிடத்தில் நசுங்கல். அடியில் மாமியாரின் பெயர் பொறித்திருக்கும். நான் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டதால், எனக்கு மாமியார் என்றால் அந்தப் பெயர்தான். காலையில் காபியை அதில் ஊற்றிக் கொடுத்தால் மாமனார் உடனே குடிக்கமாட்டார். மூக்குக்கு நேரே பிடித்து, கண்ணை மூடி, மெதுவாக ஓர் இழுப்பு. இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே போகும். பிறகு என்னை ஒரு பார்வை. கல்யாணமான மறுவாரமே தொடங்கிய சோதனை இது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். விஷமா வைத்துவிட்டேன் என்று கேட்க வாய் வரைக்கும் வரும். புது மருமகளாயிற்றே என்று விழுங்கிக்கொள்வேன்.

துவாக்குடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மற்றவர்கள் வெல்டிங் வைத்து முடித்ததைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, டார்ச் அடித்துப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவது அவர் வேலை. வட்டம் விழுந்தால் திரும்பச் செய்ய வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்பட்ட மனிதர், பென்ஷன் வாங்கிக்கொண்டும் அதையே தொடர்ந்தார். காய்கறிக்காரரின் தராசு, கேஸ் சிலிண்டரின் மூடி, ஆட்டோக்காரர் எடுக்கும் குறுக்குச் சந்து, எதையும் விடமாட்டார். "வெளியில பளபளன்னு இருக்கற வெல்டைத்தாம்மா நம்பவே கூடாது" என்பார். அதைச் சொல்லும்போது என் பட்டுப்புடவையைப் பார்த்துச் சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ரயில்வே ஆபீசில் வேலை. விடுப்பு கேட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பாட்டி நிஜமாகச் செத்தாரா என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "இந்த வீட்டுல உப்பு போட்டாக்கூட சாட்சி வேணும் போலிருக்கு" என்று முனகுவார். அவர் அப்பாவின் மகன்தானா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு எதையும் நம்புகிறவர். தட்டில் எதை வைத்தாலும் பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிடுவார்.

எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. ஆனால் பாலும் தயிரும் நெய்யும் இல்லாமல் ஒரு வேளையும் கிடையாது. அதிலும் மாமனாருக்குத் தயிர் சாதம் என்பது சாப்பாட்டின் கடைசி அயிட்டம் இல்லை, அதுதான் சாப்பாடு. குழம்பும் ரசமும் அதற்கு வழிவிடத்தான். சூடான சாதத்தைக் கையாலேயே குழைத்து, தயிரை விட்டு, மேலே கொஞ்சம் பாலும் விட்டு, ஒரு துண்டு நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு அவர் சாப்பிடும்போது மட்டும்தான் அந்தப் புருவம் இறங்கி இருக்கும். வேலையில் யாரோடோ சண்டை போட்டு வந்த நாளிலும், மாமியார் இறந்த பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகும், அவர் வாய் திறந்து கேட்டது தயிர் சாதம்தானாம். நாத்தனார் சொல்லியிருக்கிறாள்.

அதனாலேயே பால் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பார். பாக்கெட் பாலை நம்பவில்லை. "இது எந்த மாடு கறந்ததுன்னு அந்த மாட்டுக்கே தெரியாது" என்று நிறுத்தினார். கொள்ளிடக்கரைப் பக்கம் மாடு வைத்திருந்த ஒரு பால்காரரைப் பிடித்தார். கொஞ்ச நாளில் பால் நீர்த்திருப்பதாகச் சந்தேகம் வந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். தரையில் விட்டு ஓடுகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எனக்கு என்னவோ பால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கறக்கும்போதே நேரில் நின்று கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறாராம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காபியைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை.

"எனக்கு இனிமே பால் வேண்டாம்மா. கடுங்காப்பி போட்டுக் குடு, போதும்."

"ஏன் மாமா? தண்ணி ஊத்தறானா?"

"கலப்படம்."

அவ்வளவுதான். சரி, பிடித்துவிட்டார், நாளையிலிருந்து வேறு பால்காரர் என்று நினைத்தேன். மறுநாள் காலை அதே பால்காரர் அதே மணியை அடித்துக்கொண்டு வந்தார். மாமனாரே போய்ப் பாத்திரத்தை நீட்டி வாங்கிவந்து அடுப்பின் பக்கத்தில் வைத்தார். "குழந்தைக்குக் காய்ச்சிக் குடு" என்றார். என் மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. கலப்படம் என்றால் பேத்திக்கு மட்டும் பரவாயில்லையா? பிள்ளையின் பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று வாங்கிப் பார்த்த மனிதர், கலப்படப் பாலை அவளுக்குக் கொடுக்கச் சொல்வாரா? கேட்டுப் பார்த்தேன். "நீங்க குடிங்க, தப்பில்ல" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் எதையோ மறைக்கிறார் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. எதை என்பதுதான் தெரியவில்லை.

முதலில் போனது காபியிலிருந்த பால். அடுத்த வாரம் பருப்பு சாதத்தில் நெய் விடப்போனபோது இலைக்கு மேல் கையை விரித்து மறித்தார். நல்லெண்ணெய் போதுமாம். பிறகு வந்தது நான் பயந்துகொண்டிருந்த நாள். ரசம் சாதம் முடிந்ததும் தயிர்ச் சட்டியை எடுத்தேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாம்மா" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். வீட்டில் யாருக்கும் அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. தயிர் சாதம் இல்லாமல் அவர் எழுந்ததைப் பார்த்தபோது, மருந்து இல்லாத வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டது போல் இருந்தது எனக்கு.

ஏதாவது ஜோசியர் பரிகாரம் சொல்லியிருப்பாரோ? வேண்டுதலோ? டாக்டரிடம் தனியாகப் போய்வந்து ஏதோ வியாதியை மறைக்கிறாரோ? அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பையைக்கூடத் துழாவினேன். ஒரு சாக்பீஸ் துண்டும் பஸ் டிக்கெட்டும்தான் இருந்தன. கோயிலிலிருந்து யாரோ பாலும் நெய்யும் சேர்ந்த அக்காரவடிசல் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே என் மகளிடம் கொடுத்துவிட்டார். பெருமாள் பிரசாதத்திலுமா கலப்படம்? வாயைக் கிளறிப் பார்த்தேன். ஆள் பிடி கொடுக்கவில்லை.

இதற்குள் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கே.கே. நகரில் இருக்கும் நாத்தனார் வந்து பார்த்தாள். அவருடைய ஒரே மகள், அப்பா என்றால் உயிர். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, அப்பாவுக்குத் தயிர் ஊத்தறதில்லையாமே?"

"ஊத்தறேன்னுதான் சொல்றேன். அவர் வேண்டாங்கறாரு."

"அப்பாவா? தயிரா?"

அந்த இரண்டு சொல்லிலேயே அவள் என்னை நம்பவில்லை என்பது தெரிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். ஆனாலும் வயிறு எரிந்தது. மாமனாரைப் பட்டினி போட்ட மருமகள் என்ற பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் அந்தத் தெருவில் அதைக் கழுவ முடியாது. அதைவிட, அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து கடுங்காப்பியை மருந்து மாதிரிக் குடிப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்ன காரணமாக இருந்தாலும் இருக்கட்டும், பால் இல்லாமல் ஒரு தயிர் சாதம் இவருக்குச் செய்து போட்டுவிடுவது என்று வீம்பு வந்துவிட்டது.

தேங்காய்ப்பாலில் தொடங்கினேன். காபியில் விட்டதும் திரிந்து தட்டுத் தட்டாக மிதந்தது. அதை முகர்ந்துவிட்டு அவர் பார்த்த பார்வைக்கு நான் வேலையை ராஜினாமா செய்திருக்க வேண்டும். ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு அம்மா வேர்க்கடலைத் தயிர் பற்றிச் சொன்னாள். கடலையைக் காலையிலேயே ஊறப்போட்டு, தோலைக் கசக்கி எடுத்து, நைசாக அரைத்து, துணியில் பிழிந்து, அந்தப் பாலை அடிப்பிடிக்காமல் காய்ச்ச வேண்டும். உறை ஊற்றப் பழைய தயிர் கூடாதே என்று யோசித்தபோதுதான், வீட்டில் உறைமோர் தீர்ந்துபோன நாளில் என் அம்மா பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிப் பாலில் போட்டு மூடி வைப்பது நினைவுக்கு வந்தது. போட்டேன். முதல் தடவை தண்ணீர் தனியே பிரிந்தது. அடுத்த தடவை தோய்ந்தது, ஆனால் பச்சைக் கடலை வாடை. கடலைப்பாலை இன்னும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் அந்த வாடை போகும் என்பது மெல்லத்தான் பிடிபட்டது. சாதத்தைக் குழைய வடித்து, ஆறவிட்டு, கடலைத் தயிரைக் கலந்து, நல்லெண்ணெயில் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும் என்பதால் வெந்நீர் தெளித்துத் தளர்த்தினேன். ஒரு கிண்ணத்தில் போட்டு எடுத்துப் போனேன்.

மூக்குக்கு நேரே கிண்ணம். கண் மூடி, இழுப்பு. புருவம் ஏறியது.

"இதுல பசும்பால் எவ்வளவு கலந்த?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு சொட்டு இல்ல மாமா."

"பின்ன எப்படிப் புளிச்சுது?"

மறுநாள் அவரைச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கடலையை அவர் கண்ணெதிரே தோலுரித்தேன். மிக்ஸி ஜாரை முகர்ந்து பார்த்தார். பிழியும் துணியை முகர்ந்தார். மிளகாய்க் காம்பைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூடிவைத்த பாத்திரத்தின் மூடியும் விளிம்பும் சேரும் இடத்தில், சட்டைப் பையிலிருந்த சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார். நான் நடுவில் திறந்தால் கோடு விலகிவிடுமாம். மாலையில் கோடு விலகாமல் இருப்பதைச் சரிபார்த்துவிட்டு மூடியைத் திறந்தார். தயிர் கட்டியாகத் தோய்ந்திருந்தது. அன்றைக்குச் சாதத்தைக் கையாலேயே குழைத்தார். பழையபடி நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு, இலையை வழித்துச் சாப்பிட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் இறங்கி இருந்தது. சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த வாரம் மோர்மிளகாய் வறுத்து வைத்தேன். தயிர் சாதத்துக்கு அதைவிட என்ன வேண்டும்? அவர் அதை விரலால் இலையின் ஓரத்துக்குத் தள்ளினார். "மோருல ஊறினதுதானேம்மா இது" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. மோர்மிளகாயில் மோர் இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யார் நினைக்கிறார்கள்? ஆனால் இலையை எடுக்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மிளகாய் போன கோடையில் எங்கள் மாடியில் நான் காயவைத்தது. அதை ஊறப்போட்ட மோரை அவரே முகர்ந்து பார்த்து, நல்ல மோர் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கலப்படம்தான் காரணம் என்றால், அவரே பாஸ் செய்த மோர் எப்படி ஆகாமல் போகும்? குட்டு வெளிப்பட்டுவிட்டது. கலப்படம் என்பது எனக்குச் சொன்ன சாக்கு. பால் கெட்டது என்பதால் அவர் விடவில்லை. பால் என்பதாலேயே விட்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு தெளிக்கக் கோமியம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நான் கொள்ளிடக்கரைக்கு ஸ்கூட்டரை விட்டேன். பால்காரர் அப்போதுதான் கறக்க உட்கார்ந்திருந்தார். மாட்டின் முன்னால் ஒரு கன்றுக்குட்டி நின்றிருந்தது. நின்ற விதம் சரியில்லையே என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, நான்கு குச்சிகளில் நிறுத்தியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சாக்குத் தையல். மாடு குனிந்து அதை முகர்ந்தது. நன்றாக இழுத்து முகர்ந்தது. பிறகு கழுத்தை நக்கத் தொடங்கியது. நக்கி நக்கி அந்த இடத்தில் மயிர் போய்த் தோல் வழவழவென்று இருந்தது. கீழே செம்பில் பால் இறங்கும் சத்தம் கேட்டது.

"கண்ணுக்குட்டி செத்துப்போச்சுக்கா. கண்ணு முன்னாடி நிக்கலன்னா மாடு பால் சொரக்காது. என்ன பண்றது, நாங்களும் பொழைக்கணுமே" என்றார் பால்காரர். பொய்யில்லை, அவரும் பிழைக்கத்தான் வேண்டும். எங்கள் மாமனார் வந்தாரே என்று மெல்லக் கேட்டேன்.

"வந்தாரு. தண்ணி ஊத்தறேனான்னு பாக்கத்தான் வந்தாரு, எனக்குத் தெரியாதா? கறந்து முடிக்கற வரைக்கும் நின்னாரு. செம்பைப் பாக்கவே இல்லக்கா, மாட்டையேதான் பாத்துக்கிட்டிருந்தாரு. 'மாட்டுக்குத் தெரியாதா?'ன்னாரு. 'தெரிஞ்சா பால் விடுமா சார்?'னேன். வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு. திட்டிட்டுப் போயிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

கோமியத்தை வாங்கிக்கொண்டு வந்தேனா இல்லையா என்பது நினைவில்லை. வழியெல்லாம் அந்த மாடு முகர்ந்ததே கண்ணில் நின்றது. மோசம் என்பது முகர்ந்தால் பிடிபட்டுவிடும் என்று காலமெல்லாம் நம்பிய மனிதர் எதிரில் அது முகர்ந்திருக்கிறது. வாசனை சரியாகத்தான் இருந்திருக்கும், அதன் கன்றின் தோல்தானே. அவர் எங்கே வட்டம் போடுவார்? வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மறைத்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. தெரிந்துபோனது என்று தெரிந்தால் அந்த மனிதருக்கு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கும் என்று பட்டது. எனக்கும் அன்றைக்குக் காபி கசந்தது. ஆனால் குடித்தேன். குடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வந்து ஆளை உருக்கிவிட்டது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, உடம்பில் சத்தே இல்லை, நன்றாகச் சாப்பிடவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கஞ்சி இறங்கவில்லை. பழச்சாறு இறங்கவில்லை. "உன் மோர் கொஞ்சம் கரைச்சுக் குடும்மா" என்று கேட்டார். கடலைத் தயிர் கடைந்த மோர். உன் மோர் என்று அவர் சொன்னதில் நான் நெகிழ்ந்துபோனேன். சமையலறைக்கு வந்தால், கே.கே. நகரிலிருந்து வந்திருந்த நாத்தனார் அதற்குள் அந்த டம்ளரில் மோர் கரைத்து வைத்திருந்தாள். பசும்பால் தயிரில்.

"இதைக் குடுங்க அண்ணி. உப்பும் பெருங்காயமும் போட்டிருக்கேன். அப்பாவுக்கு எங்க தெரியப்போவுது?"

"அவர் கேட்டது இது இல்லையே."

"உடம்புல தெம்பே இல்லாம கெடக்கறாரு. கடலைத் தண்ணியக் குடுத்தா எழுந்து உக்காருவாரா?"

நான் முடியாது என்றேன். எப்போதும் சத்தம் போடாத என் வீட்டுக்காரர் அன்றைக்குப் போட்டார். "மனுஷன் போய்ச் சேர்ந்துட்டா உன் கடலைத் தயிர் திருப்பிக் கொண்டாந்து குடுக்குமா? அவர் உன் கையாலதான் வாங்குவாரு. எடுத்துட்டுப் போ." அவர் கண் கலங்கியிருந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்பா பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அதுதானே வேண்டும். டம்ளரை எடுத்துக்கொண்டேன். முகர்ந்து பார்ப்பார், கண்டுபிடித்துவிடுவார், வேண்டாம் என்று தள்ளிவிடுவார், நான் வாய் திறக்கவே வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மூக்கை நான் நம்பினேன்.

தலையணையைச் சாய்த்து உட்காரவைத்தேன். டம்ளரை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார். நான் காத்திருந்தேன். டம்ளர் மூக்கிடம் நிற்கவில்லை. கண்ணை மூடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அதில் எதுவும் இல்லை, வெறும் களைப்புதான் இருந்தது. டம்ளரை நேராக உதட்டுக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அந்த மாடு நினைவுக்கு வந்தது. பாய்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் மோர் போர்வையில் சிந்தியது.

"மாமா, குடிக்காதீங்க. இது நம்ம மோர் இல்ல. பசும்பால் தயிரு."

வாசற்படியில் நாத்தனாரும் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தார்கள். மாமனார் டம்ளரை விட்டுவிட்டார். போர்வையில் சிந்தியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மெல்லிய குரலில் சொன்னார்.

"அந்த மாட்டுக்கு யாரும் சொல்லலம்மா."

காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் டாக்டருக்குப் போன் செய்யப் போனார். நான் சமையலறைக்குப் போய், கடலைத் தயிரைக் கடைந்து, அதே டம்ளரைக் கழுவி ஊற்றிக்கொண்டு வந்தேன். பாதி குடித்தார். அடுத்த நாள் முழுசாகக் குடித்தார். கடலை மோரிலா எழுந்தார், டாக்டரின் மாத்திரையிலா என்று என்னைக் கேட்டால் மாத்திரை என்றுதான் சொல்வேன். நாற்காலியில் வந்து உட்காரும் அளவுக்குத் தேறிய காலையில் கடுங்காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கு நேரே பிடித்து, கண்ணை மூடி, ஓர் இழுப்பு. புருவம் ஏறியது. என்னை ஒரு பார்வை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதன்பிறகு அவர் இருந்த வருஷங்களில் ஒரு நாளும் தவறாமல் என் டம்ளரை முகர்ந்துதான் குடித்தார். அன்றைக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்திருக்கும், அதனால்தான் முகரவில்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம். எனக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்ததே இல்லை, தீர வேண்டும் என்றும் இல்லை.

இப்போது மாமனார் இல்லை. தில்லை நகர்க் கடைகளில் ஓட்ஸ் பால், பாதாம் பால் என்று அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் மகள் ஒன்று வாங்கிவருவாள். நான் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பேன். பாதி புரியாது, புரியாததை நம்பமாட்டேன். எங்கள் வீட்டில் தயிர் என்றால் கடலைத் தயிர் என்றாகி வெகுகாலம் ஆகிவிட்டது. நெய்யும் எப்போதோ நின்றுவிட்டது. காபியை விடத்தான் எனக்கு வருஷக்கணக்கானது. முழுசாக விட்டேனா என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம், நாத்தனார் வீட்டில் நீட்டினால் கை போய்விடுகிறது. அவள் இப்போது கொழுப்பு கூடிவிட்டது என்று போன் செய்து மிளகாய்க் காம்பு எத்தனை நேரம் கிடக்க வேண்டும் என்று கேட்கிறாள். அந்த மோரைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

இன்று மத்தியானம் வெயிலில் வந்த என் வீட்டுக்காரருக்கு மோர் கரைத்தேன். அலமாரியிலிருந்து அந்த டம்ளரைத்தான் எடுத்தேன். வாங்கியவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஒரு தடவை முகர்ந்து பாத்துட்டுக் குடிங்க" என்றேன்.

"எதுக்கு? நீ குடுக்கறதுதானே."

"அதனாலதான் சொல்றேன்."